கையால் இழுக்கும் சிறுதேர்

புரட்டாசி பிறந்ததும் உத்திரமேரூரிலிருந்து அத்தை போன் செய்வார். "கொலு வெக்கிறோம், வந்துட்டுப் போடா கண்ணு." வருடா வருடம் வேலையைக் காரணம் சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். இந்த வருடம் கிளம்பிவிட்டேன். மடியில் ஒரு ஷூ பெட்டி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு மிக்-21 விமானம். "கொலுப் பார்க்குல வெக்க ஏதாச்சும் கொண்டாங்க மாமா" என்று அத்தையின் பேத்தி கேட்டிருந்தாள்.

அந்த விமானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தாம்பரத்தில் வளர்ந்தவன். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தபடியே பள்ளிக்கூடம் போய் வந்தவன். பன்னிரண்டு வயதில் சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கிக் கொடுத்தார். சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை நறுக்கி எடுத்து, பசை தடவிப் பொருத்தி, வண்ணம் பூசி, எழுத்துச் சின்னங்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினால் உள்ளங்கையில் ஒரு விமானம் வந்து உட்கார்ந்துவிடும். அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பிரியமான அளவு ஒன்றுக்கு 72. ஆறடி மனிதன் அதில் ஓர் அங்குலம் இருப்பான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை அந்த அளவில் கொண்டுவந்தது. அதன்பின் எத்தனையோ நாடுகளில், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இரவு நேரங்களில் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. 1963இல் பிரிட்டனில் சர்வதேச பிளாஸ்டிக் மாடலர் சங்கம் தொடங்கியது. சங்கம் வந்தால் கண்காட்சி வரும். கண்காட்சி வந்தால் போட்டி வரும்.

இந்த மிக்-21ஐ ஒரு போட்டிக்காக நான்கு மாதம் செய்தேன். நடுவர் சின்ன டார்ச்சை அடித்து, விமானத்தைத் தொடாமல் குனிந்து, அதன் வயிற்றைப் பார்த்தார். இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் இறக்கைக்கு அடியில் ஒரு கோடு. முடி அளவு. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அவர் செய்தது சரிதான். கோடு இருந்தது, நான்தான் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிறகு கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த டார்ச் வெளிச்சம் என் தோளுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தது. எதைச் செய்தாலும் அவர் எங்கே குனிவார் என்றே தோன்றியது. அலமாரியில் பாதி செய்த கிட்கள் ஐந்து. ஒன்றையும் முடிக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரம்

வெறுங்கையோடு அத்தை வீட்டுக்குப் போகக் கூடாது என்று காஞ்சிபுரத்தில் இறங்கி, வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துப் பொம்மைக்காரத் தெருவுக்கு நடந்தேன். நவராத்திரி நெருங்கிவிட்டால் இந்தத் தெருவில் வீட்டுக்கும் கடைக்கும் வேறுபாடு கிடையாது. திண்ணையில் கருடசேவை காய்கிறது, ஜன்னல் கட்டையில் கல்யாண செட் வரிசையாக நிற்கிறது, சைக்கிள் கேரியரில் தசாவதாரம் கட்டப்பட்டுப் புறப்படத் தயாராக இருக்கிறது. 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் காட்சி கொடுத்த வருடம் கொலுப்படிகளில் அவர்தான் புது வரவு. கிடந்த கோலத்திலும் நின்ற கோலத்திலும் இப்போதும் கடைக்குக் கடை இருக்கிறார்.

ஒரு வீட்டு வாசலில் நின்றேன். நடுவயது அம்மா ஒருவர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். அச்சில் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, காய்ந்தபின் ஒட்டப்படுகின்றன. ஒட்டிய இடத்தில் தலை உச்சியிலிருந்து கால்வரை ஒரு வரம்பு எழும்பி நிற்கும். பார்த்தவுடன் எனக்குக் கை துறுதுறுத்தது. என் மிக்-21இன் வயிற்றில் இருக்கும் அதே கோடு. பிளாஸ்டிக்கில் நாங்கள் புட்டி வைத்து, தாள் மாற்றித் தாள் மாற்றித் தேய்ப்பதைத்தான் இவர் கூழ்ப்பசை வைத்துச் செய்கிறார். அருகே உட்கார்ந்து கவனித்தேன். தோளில், கழுத்தில், காதோரத்தில் விரல் நுனியால் பசையை இழைத்து இழைத்து மறைக்கிறார். முதுகுப்பக்கம் வந்ததும் இரண்டே தேய்ப்பு. பொம்மையைக் கீழே வைத்துவிட்டார்.

"பின்னாடி கோடு தெரியுதேம்மா" என்றேன்.

"அது செவுத்தப் பாத்துக்கினு நிக்கிற பக்கம் சார். அந்த நேரத்துல நான் ரெண்டு கண்ணு எழுதிடுவேன்."

கண் எழுதுவதையும் பார்த்தேன். எல்லாப் பூச்சும் முடிந்து, நகையும் புடவைக் கரையும் முடிந்து, கடைசியில்தான் கண். மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கோடு, இரண்டு புள்ளி. அதுவரை கூழாக இருந்த ஒன்று சட்டென்று என்னைப் பார்த்தது. ஒரு நாளில் அவருக்குக் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான். அதை எங்கே செலவழிப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் நான்கு மாதமும் முதுகைத் தேய்ப்பதிலேயே இருந்தேனோ என்று நினைத்தபடி ஒரு செட்டியார் ஜோடியும் ஒரு சின்னப் பசுவும் வாங்கிக்கொண்டேன்.

மாகறல்

உத்திரமேரூர் போகும் வழியில் பாலாற்றில் மணலும் நாணலும்தான் அதிகம். நடுவில் ஒரு நூல் அகலத்துக்குத் தண்ணீர். அதைத் தாண்டியதும் ஊரின் சத்தம் பின்னால் போய்விடுகிறது. சொர்ணவாரி அறுவடை முடிந்த வயல்களில் சில காய்ந்த தாளோடு கிடந்தன, சிலவற்றில் சம்பாவுக்குச் சேறு கலக்கியிருந்தார்கள். இது ஏரிகளின் மாவட்டம். ரோட்டின் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் ஒரு கரை நீளமாகப் படுத்திருக்கும், அதன்மேல் வரிசையாகப் பனைகள் நிற்கும்.

சம்பந்தர் பாடிய கோயில் இருக்கும் மாகறலில் டீ குடிக்க நின்றேன். சூடான மசால்வடை. கடைக்குப் பக்கத்தில் தச்சுப் பட்டறை. கதவும் ஜன்னலும் செய்யும் சாதாரண பட்டறைதான். ஆனால் சுவரில் அடித்த பலகைமேல் ஒரு தேர் நின்றது. முழங்கை உயரம். சக்கரம், அச்சு, அடுக்கடுக்காக விரியும் அடித்தட்டு, அதன் முகப்பில் நகக்கண் அளவில் குதிரைகள். வாயில் டீயோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தச்சருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பேரனுக்குச் செய்ததாம். "வாங்கறவங்க கேக்கறாங்க, குடுக்க மாட்டேன்" என்றார்.

"எந்தத் தேரோட அளவு தாத்தா இது? எத்தனைக்கு எத்தனை?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடி சொன்னதும் சிரித்தார். "கதவு செஞ்சு மிச்சமான கட்டைப்பா. கட்டை இருந்த அளவுக்குச் சக்கரம். சக்கரத்துக்குத் தகுந்த தட்டு. தட்டுக்குத் தகுந்த தேரு." இழுத்துப் பார் என்று கயிற்றை என் கையில் கொடுத்தார். சிமெண்ட் தரையில் கடகடவென்று வந்தது. பெரிய தேரின் சத்தத்தைச் சுருக்கிப் பெட்டியில் போட்டு வைத்ததுபோல் இருந்தது.

குறுந்தொகையின் 61ஆம் பாடல் இந்தக் கயிற்றைப் பற்றியதுதான். தச்சன் செய்த சிறுதேரில் பிள்ளைகளால் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்து இழுத்தே மகிழ்ச்சி அடைகிறார்கள். தலைவனோடு கூடாவிட்டாலும் அவன் நட்பே போதும் என்று சொல்வதற்குத் தும்பிசேர் கீரனார் அந்தப் பிள்ளைகளைத் துணைக்கு அழைக்கிறார். பட்டினப்பாலையிலும் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்தான். நம் புலவர்கள் இந்தச் சின்னஞ்சிறு வண்டியை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த எந்தப் பிள்ளையும் அடுத்த பிள்ளையின் தேரைவிடத் தன் தேர் பெரிது என்று காட்டுவதற்காக இழுத்ததாக எனக்கு நினைவில்லை.

உத்திரமேரூர், அத்தை வீடு

ஐந்து படி. மேலே கலசம், அத்தைக்குக் கல்யாணச் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. செட்டியாரைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "தொப்பை நல்லா வந்திருக்கு" என்றார். கொண்டைக்கடலைச் சுண்டலும், கத்தரிக்காய்க் காரக்குழம்போடு சாப்பாடும் போட்டு உட்கார வைத்தார்.

படிகளுக்குக் கீழே தரையில் இருந்ததுதான் என்னை இழுத்தது. அத்தையின் பேத்தி எட்டாம் வகுப்பு, பேரன் மூன்றாம் வகுப்பு. இருவரும் தெருப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு உத்திரமேரூரையே செய்திருந்தார்கள். களிமண்ணால் ஏரிக்கரை, அதில் மதகு, மதகிலிருந்து ஜிகினாத்தாள் வாய்க்கால். கேழ்வரகும் கடுகும் முளைவிட்டு வயலாக நின்றன. பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் பஸ். நடுவில் அட்டைப்பெட்டியில் செய்த கல்வெட்டு மண்டபம். அதன் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள்.

"ஏன் பேப்பர்?" என்றேன்.

"அந்தக் கோயில்ல சுவரெல்லாம் எழுத்துதான மாமா" என்றாள். இத்தனை வருடத்தில் நான் செய்த எந்த மாடலிலும் இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை. கல்லில் எழுத்து பொறித்திருக்கும் அந்தச் சுவரை இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

ஆனால் என் பழக்கப்பட்ட கண் சும்மா இருக்கவில்லை. பஸ் ஓர் அளவு, அதன் பக்கத்தில் நிற்கும் பசு அதைவிடப் பெரிது, மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் பெருமாள் மண்டபத்தைவிட உயரம். மெல்லச் சொன்னேன். பேரன் உடனே பதில் சொன்னான். "பெருமாள்தான மாமா எல்லாரையும் விடப் பெரியவரு. பசு எங்க வீட்டுப் பசு. அது பெருசாத்தான் இருக்கணும். பஸ்ஸு சும்மா வருது, போவுது."

மிக்-21ஐ வெளியே எடுத்தேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எங்கே வைப்பது என்று பத்து நிமிடம் விவாதம் நடந்தது. தரையில் வைத்தால் விமானம் எப்படி விமானம் ஆகும்? தையல் நூலைக் கட்டி, உத்தரத்து ஆணியிலிருந்து ஏரிக்கு மேலே தொங்கவிட்டார்கள். தொங்கவிட்டதும்தான் எனக்கு உறைத்தது. கீழே உட்கார்ந்து பார்க்கும் எல்லாருக்கும் இனி அதன் வயிறுதான் தெரியும். நான் யாருக்கும் காட்ட விரும்பாத அந்தக் கோடு, கூடத்தின் நடுவில்.

பேரன் மல்லாந்து படுத்துப் பார்த்தான். "மாமா, வயித்துல கோடு இருக்கே, அதுவழியாத்தான் குண்டு கீழ விழுமா?"

"இல்லடா. ரெண்டு பாதி செஞ்சு ஒட்டின இடம்."

"அப்போ உள்ள காலியா!" என்று எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு அது பெரிய செய்தி. ராத்திரி தூங்கும்வரை, உள்ளே என்ன வைத்து ஒட்டியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கடலை. ஒரு சாமி. விமானிக்கு ஒரு சாப்பாட்டு டப்பா.

சுந்தர வரதர் கோயில்

மறுநாள் காலை பேத்தி துணைக்கு வந்தாள். இந்தக் கோயில் எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் எழுந்தது. அதே அரசன் காஞ்சியில் கட்டிய பரமேச்சுர விண்ணகரத்தைப்போல இங்கேயும் மூன்று தளம். கீழே நின்ற பெருமாள், படியேறினால் இருந்த பெருமாள், இன்னும் ஏறினால் கிடந்த பெருமாள். கட்டியவர் பரமேசுவரத் தச்சன் என்று பட்டர் சொன்னார். முந்தின நாள் மாகறலில் கயிற்றைக் கையில் கொடுத்த தச்சரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கோயில் விமானத்தை வெளியிலிருந்து நிதானமாகப் பார்த்தேன். கோயிலைக் கும்பிடுகிறோம், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் ஒரு மாடல் செய்பவனின் கண்ணோடு தென்னாட்டு விமானத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் வரிசையாக இருப்பவை வெறும் அலங்காரம் அல்ல. அவை குட்டிக் கோயில்கள். மூலையில் சதுரக் கூரையோடு இருப்பது கர்ணகூடம். நடுவில் கூண்டு வண்டியின் கூரைபோல நீளமாக வளைந்து நிற்பது சாலை. இடையில் ஒடுங்கி நிற்பது பஞ்சரம். ஒவ்வொன்றுக்கும் கால் உண்டு, கூரை உண்டு, மேலே கலசம் உண்டு. மரத்திலும் கூரையிலும் கட்டிக்கொண்டிருந்த வீடுகளின் உருவத்தைச் சிறிதாக்கி மாலையாகக் கோத்துத் தளத்துக்குத் தளம் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஹாரம் என்றே அதற்குப் பெயர். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இந்த மண்ணில் ஒரு பெரிய கோயில் என்பது, ஏராளமான சின்னக் கோயில்களைச் சேர்த்துக் கட்டியது. மாடல் செய்வது மேல்நாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

பேரன் சொன்ன அளவுக் கணக்கும் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் உலகில் அளவு வெளியிலிருந்து வருகிறது. உண்மையான விமானம் ஓரிடத்தில் நிற்கிறது, அதை 72ஆல் வகுத்தால் மாடல். அதைவிட ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பிசகியதுதான். சிற்பியின் தாளமானத்தில் அப்படி இல்லை. உருவத்தின் முகநீளம் ஒரு தாளம். அதை 12 அங்குலமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது. அந்த அங்குலம் கடையில் வாங்கிய அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்த உருவத்துக்கே உரிய அங்குலம். பெருமாளும் சிவனும் உத்தம தச தாளம், 124 அங்குலம். பிள்ளையார் ஐந்து தாளம், அதனால்தான் குழந்தைபோலக் குட்டையாக இருக்கிறார். விரல் உயரத்தில் செய்தாலும் ஆள் உயரத்தில் செய்தாலும் அந்த உருவத்தை அளப்பது அதன் முகம்தான். பக்கத்தில் நிற்கும் சிலையை வைத்து இதை அளக்க முடியாது. மாகறல் தச்சர் சக்கரத்தை வைத்துத் தட்டையும் தட்டை வைத்துத் தேரையும் செய்ததும் இதே வழிதான்.

இதைப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். "அப்போ எங்க பெருமாள் சரிதான்" என்றாள்.

கல்வெட்டு மண்டபம்

ஊரின் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உயர்ந்த அடித்தளம், தட்டையான கூரை, சுற்றிலும் எழுத்து. பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையை இங்கே வெட்டி வைத்தார்கள். குடவோலை பற்றி நாம் எல்லாரும் பள்ளியில் படித்ததுதான். படித்த இடத்தில் நிற்பது வேறு.

பேத்தி எனக்கு வழிகாட்டியாகிவிட்டாள். முப்பது குடும்பு, அதாவது ஊரின் வார்டுகள். அந்தந்தக் குடும்பில் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். அவன் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? அவள் கையை விரித்துக் காட்டிய விதத்தில் அந்த மத்தியஸ்தனே நின்றான். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள். கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, படிப்பு வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்துப் பக்கமே வர முடியாது. தேர்ந்தவர்கள் சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவி ஒரு வருடம்.

"பொம்பளைங்க பேரு உண்டா?" என்று கேட்டேன். "கிடையாது" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. சதுர்வேதிமங்கலத்துச் சபை அது. நிலமும் வேதமும் உள்ள ஆண்களின் சபை. அதை மறைத்துவிட்டு இந்தச் சுவரைப் பெருமையாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சபையார் மனிதனின் ஆசையை நன்றாக அறிந்தவர்கள். ஜெயிக்கிற ஆசை எங்கெல்லாம் நுழையும் என்று யோசித்து, ஒவ்வொரு சந்தையும் அடைத்திருக்கிறார்கள். விரலிடுக்கைக்கூட.

தெருவில் குடம்

பேத்தி அன்று அவ்வளவு அக்கறையாகச் சுவரைப் படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சாயங்காலம்தான் எனக்கு அது விளங்கியது.

மூன்று வருடம் முன்னால் இந்தத் தெருவில் கொலுப் போட்டி வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து நடுவர்கள் வந்து மார்க் போட்டார்கள். முதல் வருடம் எல்லாருக்கும் உற்சாகம். பிள்ளைகள் அட்டையும் பசையுமாக அலைந்தார்கள். அதன் பலனாகத்தான் ஏரிக்கரையே வந்ததாம். இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். போட்டி கையை உசுப்பிவிடும். நானே போட்டி என்று ஒன்று இருந்ததால்தான் ஏர்பிரஷ் பிடிக்கக் கற்றேன். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் கப்பல் மாடல் போட்டிக்காகப் பிளேடு பிடிக்கக் கற்று, பிறகு வாழ்நாள் முழுக்க மரத்தை விடாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். கெட்டது இரண்டாம் வருடம் வந்தது. கடையில் முழு செட்டாக வாங்கி, விளக்கு அலங்காரத்துக்கு ஆள் வைத்த வீட்டுக்கு முதல் பரிசு. பிள்ளைகளின் செய்தித்தாள் மண்டபத்துக்கு, சுத்தமாக இல்லை என்று குறைந்த மார்க். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. சில வீடுகளில் அடுத்த வருடம் பரணிலிருந்து பொம்மையையே இறக்கவில்லை. பரண்மேல் அந்தப் பொம்மைப் பெட்டிகள் இருப்பதைக் கேட்டபோது என் அலமாரியில் இருக்கும் ஐந்து பெட்டிகளை நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் சொன்னாராம். "நம்ம ஊர்ல இருந்துகிட்டு நடுவரை எதுக்கு வெளியிலேர்ந்து கூப்புடறீங்க? குடத்துல போடுங்க." கொலு வைத்த எல்லார் பெயரும் சீட்டில். எடுப்பது ஒரு சின்னக் குழந்தை. பரிசு ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ்.

இந்த வருடமும் குடம் வந்தது. பித்தளைக் குடம், புளி போட்டு விளக்கியது. மூன்று வயதுக் குழந்தை கையை விட்டு எடுத்தது. வாத்தியார் விரல்களை விரித்தே வாங்கினார். தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் பெயர் வந்தது. மூன்று பொம்மையும் ஒரு மரப்பாச்சியும் வைத்திருந்தவர். எல்லாரும் கைதட்டினோம். பாட்டி சிமிழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி வெடித்தாள். "பாட்டிக்குக் கெடச்சது சந்தோஷம்தான் பாட்டி" என்று அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஆனா இது குடவோலையே இல்ல. அவங்க தகுதி பார்த்துட்டுத்தான குடத்துல போட்டாங்க? நாம எல்லாரையும் போட்டுட்டோம். கையால ஒண்ணுமே செய்யாதவங்க பேரும் உள்ள இருக்கு. அப்புறம் நாங்க எதுக்கு மூணு வாரம் களிமண்ணு பிசையணும்?"

அத்தைக்குப் பதில் தெரியவில்லை. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அமெரிக்காவில் பீரங்கி வண்டி மாடல் செய்பவர்களின் சங்கத்தில் ஒரு முறை இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். பிளாஸ்டிக் மாடலர் சங்கத்தின் பழைய வழக்கம் முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது. பீரங்கி வண்டிக்காரர்கள் ஒரு மாடலைப் பக்கத்து மாடலோடு ஒப்பிடுவதில்லை. தரம் என்று ஒன்றை முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள். அதை எட்டினால் தங்கம். பத்துப் பேர் எட்டினால் பத்துப் பேருக்கும் தங்கம். ஒருவர்கூட எட்டாவிட்டால் யாருக்கும் இல்லை.

அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். "அது பரீட்சை மாதிரி. பாஸ் ஆனவங்க எல்லாரும் பாஸ். அதுக்கப்புறம் சிமிழ் ஒண்ணுதான் இருக்குன்னா குடம்."

எனக்குத் தெரிந்து எங்கள் மாடல் கூட்டங்களில் பெரியவர்கள் மணிக்கணக்கில் பேசியும் இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலில் செய்தவனின் கை தெரிய வேண்டும். அதற்குமேல் யார் முதல், யார் இரண்டாவது என்பதை ஒரு குழந்தையின் கையில் விட்டுவிடலாம். அப்படி விட்டால் பரிசு கிடைக்காதவனுக்கும் தன் ஏரிக்கரைமேல் சந்தேகம் வராது. டார்ச் பிடித்தவர்மேல் வருத்தமும் வராது.

அன்று ராத்திரி கூடத்தில் பாயில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். ஜன்னல் காற்றில் மிக்-21 ஏரிக்கு மேலே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் வயிற்றுக்கோடு வந்தது, மறைந்தது, வந்தது. அதற்குள் ஒரு சாப்பாட்டு டப்பா இருப்பதாக எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஏரிக்கரை

கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் என்று சொல்லும் ஏரியின் கரையில், கிளம்பும் நாள் காலை, பிள்ளைகளோடு நடந்தேன். அவர்கள் களிமண்ணில் செய்த மதகும் இந்த மதகும் ஒரே மாதிரி இல்லை. அவர்களுடையதில் படி அதிகம். "இதுல உக்காந்து தூண்டில் போட முடியாது மாமா, அதனால எங்க மதகுல படி வெச்சோம்" என்றான் பேரன். எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பையன் தென்னங்குரும்பையைச் சக்கரமாக்கி, ஈர்க்குச்சியில் அச்சு கோத்து, வாழைநாரில் இழுத்துக்கொண்டு போனான். ஒரு சக்கரம் பெரிது, ஒன்று சிறிது. வண்டி ஒரு பக்கமாகவே போய்ப் போய்க் கரைச்சரிவில் இறங்கியது. அவனும் கூடவே இறங்கினான்.

விமானத்தை எடுத்துப் போகவில்லை. விஜயதசமிக்குப் பொம்மையைப் படுக்க வைக்கும்வரை அது பறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறும்போது பேத்தி காலி ஷூ பெட்டியைக் கையில் கொடுத்தாள். உள்ளே நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ஏரிக்கரையை ஒட்டி பஸ் போகும்போது பிரித்துப் படித்தேன். அடுத்த வருடத்துக்கான விதிகள்.

கையால் ஒன்றாவது செய்திருக்க வேண்டும். அம்மா செய்தால் அம்மா பெயர்தான் ஓலையில். கடையில் வாங்கினது பக்கத்தில் நிற்கலாம், அதுக்கு மார்க் இல்லை. சுண்டலுக்கு வசூல் செய்து கணக்குக் காட்டாதவங்க பெயர் குடத்தில் கிடையாது, அவங்க அண்ணன் தம்பி பெயரும் கிடையாது. பெண்பிள்ளைகள் பெயர் உண்டு. ஓலை எடுக்கிற குழந்தைக்கு எழுத்துத் தெரியக் கூடாது.

அதற்குக் கீழே வேறு மையில், கோணல் எழுத்தில் பேரன் எழுதியிருந்தான். மாமா, பிளேன் மூக்குல இருந்த குச்சி ஒடஞ்சிடுச்சி. நான்தான். குச்சி பத்திரமா இருக்கு. அடுத்த கொலுவுக்குப் பசை கொண்டு வாங்க.